துணியோடு கடலில் இறங்குகிறவர்கள்

நெதர்லாந்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒரு கட்டத்தில் அவர்களைச் சட்டை, கால்சட்டை, செருப்பு எல்லாவற்றோடும் தண்ணீரில் இறக்கிவிடுகிறார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை அது. வெளியே சாம்பல் வானம், ஓயாத தூறல். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பெற்றோர்கள் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பக்கம் என் மகள் யாழினி, பள்ளிக்கூடம் போகிற உடுப்போடு தொப்பென்று நீச்சல் குளத்தில் குதிக்கிறாள். சட்டை உப்பிக்கொண்டு மேலே வருகிறது. மூழ்கி, எழுந்து, செருப்புக் காலை உதைத்து உதைத்து எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்கிறாள். "எதற்கு இந்த வதை?" என்று பக்கத்திலிருந்த மரீக்காவிடம் கேட்டேன். மரீக்கா என்னோடு பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். அவள் மகளும் அதே குளத்தில்தான் இருந்தாள். "வாய்க்காலில் தவறி விழுகிற பிள்ளை உடை மாற்றிக்கொண்டா விழும்?" என்றாள். நியாயம்தான். இங்கே தெருவுக்குத் தெரு வாய்க்கால். இப்படி உடுப்போடு நீந்திக் காட்டினால்தான் 'ஸ்வெம்டிப்ளோமா' என்கிற நீச்சல் சான்றிதழைக் கொடுப்பார்கள். அதை வாங்காமல் வளர்கிற பிள்ளையைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டும்.

எனக்கு நீச்சல் தெரியாது. இதை இங்கே சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் ஆற்றங்கரையில் பிறந்தவள் என்றும் சேர்த்துச் சொல்லித் தொலைத்திருப்பேன். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டிலிருந்து நடந்தால் காவிரி. ஆனால் பெண் பிள்ளைகளுக்கு ஆறு என்பது படித்துறையின் கடைசிப் படி வரைக்கும்தான். "இடுப்புக்கு மேல போவாத" என்று அப்பா கரையில் நின்று சத்தம் போடுவார். தண்ணீரை எங்களுக்கு மடையில் திருப்பத் தெரியும், வரப்பில் தேக்கத் தெரியும், பயிருக்கு எத்தனை விரற்கடை நிற்க வேண்டும் என்று தெரியும். அதில் மிதக்கத் தெரியாது. எங்களுக்கு அது விளையாடுகிற பொருளாக இருந்ததே இல்லை.

அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால்தான் மரீக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "கோடைக்கு எங்கே போகிறீர்கள்?" கொட்டுகிற மழையில், ஜூலை மாதத்தைப் பற்றி. இந்த ஊருக்கு வந்த புதிதில் இந்தக் கேள்வி எனக்கு விளங்கியதே இல்லை. எங்கள் வீட்டில் பயணம் என்றால் கல்யாணம், காதுகுத்து, சாவு, கோயில். இவை நான்கும் இல்லாமல் ஒருவர் பெட்டி கட்டினால் வீட்டில் சண்டை என்று பொருள். இங்கேயோ 'வகான்சி' என்கிற விடுமுறைப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பே மேசை போட்டு உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறார்கள். "நாங்கள் ஊருக்குப் போகிறோம்" என்றேன். மரீக்கா பரிவோடு பார்த்தாள். "அது வகான்சி இல்லையே. அது குடும்பத்தைப் பார்ப்பது."

சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. காரணம் யாழினிதான். மூன்று வருடத்துக்கு முன்பு அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தோம். அப்போது அவளுக்கு நான்கு வயது, தம்பி கவின் கைக்குழந்தை. இறங்கிய நாளிலிருந்து கிளம்புகிற நாள் வரைக்கும் வீடு வீடாகப் போனோம். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, பெரியம்மாவின் சம்பந்தி வீடு. ஒரு வீட்டை விட்டாலும் பேச்சு வரும். ஒவ்வொரு வீட்டிலும் கன்னத்தைக் கிள்ளினார்கள், பால் கொடுத்தார்கள், "தமிழ் பேசுவாளா? ஒண்ணு பேசச் சொல்லு பாப்போம்" என்று நிற்க வைத்தார்கள். பிள்ளை வாந்தி எடுத்தது, காய்ச்சலில் விழுந்தது. திரும்பி வரும்போது விமானத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே டச்சு மொழியில் நிதானமாகக் கேட்டாள்: "இனிமேல் அங்கே போக வேண்டாம்தானே?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னைப் பெற்ற மண்ணை என் வயிற்றில் பிறந்தது வேண்டாம் என்று சொன்னதை எந்தத் தாய் தாங்குவாள்? போன வருடத்துக்கு முந்தின வருடம் அப்பா இறந்தபோது நான் மட்டும்தான் போய் வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் யாழினி ஒரு படத்தை நீட்டினாள். பயண நிறுவனம் ஒன்றின் விளம்பரத் தாளிலிருந்து வெட்டியது. தென்னை மரம், அலை, பச்சை வயல், பின்னால் ஒரு கோபுரம். வகுப்புத் தோழி ஒருத்தி இப்படி ஓர் இடத்துக்குப் போகிறாளாம். "நாமும் ட்ரோபிஷ் போகலாம். கடற்கரை, அப்புறம் ஒரு பெரிய ஊர்." வெயில் நாடுகளை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். படத்தை வாங்கிப் பார்த்தேன். எந்த நாடோ தெரியவில்லை. ஆனால் தென்னையும் வயலும் கோபுரமும் அச்சு அசலாக எங்கள் பக்கம். "அடியே, இது எல்லாம் அம்மா ஊர்லயே இருக்குடி" என்றேன். அவள் என்னைப் பொய் சொல்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அங்க மாமா, சித்தப்பாதான் இருக்காங்க. கடல் இல்ல."

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு நாங்கள் காட்டியது அவ்வளவுதான். உட்கார வைத்து வாக்குக் கொடுத்தேன்: இந்தக் கோடையில் கடல் காட்டுகிறேன், பெரிய ஊர் காட்டுகிறேன், தங்குவது ஓட்டலில், வீடு வீடாகப் போக மாட்டோம், கடைசி இரண்டு நாள் மட்டும் மாமா வீடு. "பிடிக்கலைன்னா?" என்றாள். "பிடிக்கலைன்னா அப்புறம் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு மேசை போட்டு உட்கார்ந்தேன். மரீக்கா உதவிக்கு வந்தாள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஓர் இடத்துக்கு மேல் பார்க்கக் கூடாது, மத்தியானம் கட்டாயம் தூங்க வைக்க வேண்டும், கடற்கரையில் நிழல் எங்கே, கழிவறை எங்கே, ஐஸ்கிரீம் எங்கே என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பாடம் நடத்தினாள். ஊர் தஞ்சாவூர், கடல் தரங்கம்பாடி என்று முடிவானது. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தினமும் பஸ்ஸில் கடந்து போன பெரிய கோயிலைப் பற்றி, முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் இணையத்தில் எழுதியிருப்பதைப் படித்தேன். கல் சுடும், காலுறை எடுத்துப் போங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் கணவர் செந்தில் எட்டிப் பார்த்துவிட்டு, "சொந்த ஊருக்குப் போறதுக்கு ரிவ்யூ பாக்குற மொத ஆளு நீதான்" என்றார். மரீக்கா கடைசியாக ஒன்று கேட்டாள்: "அந்த வாரத்தில் கடற்கரையில் கூட்டம் இருக்குமா?" நான் அடித்துச் சொன்னேன்: "இருக்கவே இருக்காது. அது ஆடி மாதம். எங்கள் பக்கம் ஆடியில் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். ஈ காக்கை இருக்காது."

அறைகளைப் பதிவு செய்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அப்பாவுக்குப் பிறகு நிலத்தைப் பார்த்துக்கொள்வது அண்ணன்தான். தஞ்சாவூரில் ஓட்டல் என்றதும் அவர் குரல் மாறியது. "ஏன், வீடு இடிஞ்சா போச்சு?" பிள்ளைகளுக்காக என்று சமாளித்தேன். தரங்கம்பாடியில் தங்குகிற தேதியைச் சொன்னேன். "இரு, இரு" என்றார். சுவரில் புதுக் காலண்டர் புரளுகிற சத்தம் கேட்டது. அண்ணியின் குரல் பின்னாலிருந்து வந்தது: "அன்னைக்கு ஆடி அமாவாசையில்ல!" அண்ணன் தணிந்த குரலில் சொன்னார். "அப்பாவுக்குன்னு நாள் பாத்துப் போட்டிருக்க. சொல்லவே இல்ல பாரு நீ. வருசா வருசம் திருவையாத்து படித்துறையிலயே முடிச்சிடுறது. இந்தத் தடவ நாங்களும் வந்துடுறோம். பூம்புகார் பக்கந்தான? காவேரி கடல்ல கலக்குற எடத்துல அப்பாவுக்கு எள்ளுந் தண்ணியும் விட்டா எவ்வளவு விசேசம்!"

இங்கே என் சமையலறையில் தொங்குவது பள்ளி விடுமுறைகளும் குப்பை வண்டி வரும் நாட்களும் போட்ட டச்சுக் காலண்டர். அமாவாசை அதில் இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது என்று நினைவு வைத்திருந்த எனக்கு, ஆடி அமாவாசைக்குச் சனமே திரண்டு நீர்நிலைக்குப் போகும் என்பது மறந்துபோயிருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த நோய் உண்டு. பாதி நினைவிருக்கும், அந்தப் பாதியை வைத்துக்கொண்டு சட்டமாகப் பேசுவோம். "ஆமாண்ணே" என்று இழுத்தேன். வீடு வீடாகப் போக மாட்டோம் என்றுதான் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வீடுகள் எல்லாம் வேன் ஏறிக் கடற்கரைக்கு வரும் என்று யார் கண்டது?

ஜூலை வரைக்கும் யாழினியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் நீச்சல் சான்றிதழ் வாங்கினாள், மஞ்சள் வாளியும் மண்வெட்டியும் வாங்கினாள். தஞ்சாவூரில் இறங்கியபோது ஓட்டல் வரவேற்பில் இருந்த தம்பி, "எங்கேருந்து வர்றீங்க மேடம்?" என்றார். வாய் தன்னால், "திருவையாறு பக்கம்" என்றது. அவர் எங்கள் பெட்டிகளைப் பார்த்தார், வெயிலில் சிவந்துபோன பிள்ளைகளைப் பார்த்தார். "இங்க இருக்க திருவையாத்துக்கு எதுக்கு மேடம் ரூம்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். வீட்டில் ஏதோ தகராறு என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு மோர் மிளகாய் கூடுதலாக வந்தது.

மாலையில் பெரிய கோயிலுக்குப் போனோம். வெயில் இறங்கி, கல் வெதுவெதுப்பாக இருந்தது. காலுறை தேவைப்படவில்லை. கவின் இரண்டாவது வாசலைத் தாண்டியதும் நின்றான். அப்படியே நிமிர்ந்து பார்த்தான், கழுத்து போதவில்லை, தரையில் மல்லாக்கப் படுத்துவிட்டான். யாழினியும் அவன் பக்கத்தில் படுத்தாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, குடும்பம் குடும்பமாகப் புல்லிலும் கல்லிலும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் படுத்தேன். வாழ்நாளில் அந்த விமானத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. பரீட்சைக்கு முன்னால் ஓடி வந்து கும்பிட்டிருக்கிறேன், பஸ் ஜன்னலிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணாந்து முழுசாகப் பார்த்ததே இல்லை. படுத்துப் பார்க்கும்போது மேகம் நகர, கோயில்தான் நகர்கிறது போலிருந்தது. "கிரேன் எங்க நின்னுச்சு?" என்று யாழினி கேட்டாள். கிரேன் இல்லாத காலம் என்றேன். அவள் மறுபடியும் ஒருமுறை உச்சி வரைக்கும் பார்த்துவிட்டு, "மரீக்காவுக்கு போட்டோ அனுப்பும்மா" என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மறுநாள் கிழக்கே போனோம். திருக்கடையூரில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, கழுத்து நிறைய மாலையோடு வயதான மாப்பிள்ளைகளும் பெண்களும் சாரி சாரியாகக் கோயிலுக்குள் போவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். அறுபது வயதில் மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள் என்றேன். "அதே ஆளையா?" என்றாள் யாழினி. அதே ஆளைத்தான் என்று செந்தில் பெருமூச்சு விட்டார். தரங்கம்பாடிக் கடற்கரையில் நான் சொன்னதுபோலவே ஈ காக்கை இல்லை. ஆடிக் காற்று மட்டும் மணலை வாரி அடித்தது. பிள்ளைகள் வாளியும் மண்வெட்டியுமாக இருட்டும் வரை தோண்டினார்கள். அன்று படுக்கும்போது மெதுவாகச் சொன்னேன், நாளைக்குக் காலையில் மாமா வருவார் என்று. "தனியாவா?" என்றாள். "இல்ல." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடியும்போதே வேன் வந்துவிட்டது. அண்ணன், அண்ணி, சித்தப்பா, பெரியம்மா வீட்டார் என்று இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தார்கள். கையில் வாழை இலைக் கட்டு, எள், தர்ப்பை, மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரை, விரதம் விட்ட பிறகு சாப்பிட அடுக்கு அடுக்காகப் பாத்திரங்கள். ஓட்டல் முற்றம் நிறைந்துவிட்டது. யாழினி மஞ்சள் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். சித்தப்பா கன்னத்தை நோக்கிக் கையைக் கொண்டுவந்தார். அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆறு மாதத் திட்டம் இத்தோடு தீர்ந்தது என்றே நினைத்தேன்.

பூம்புகாரில் வண்டியை எட்டவே நிறுத்திவிட்டு நடந்தோம். மணல் மேடு ஏறி இறங்கியதும் கடல் தெரிந்தது, கடலுக்கு முன்னால் சனம் தெரிந்தது. அத்தனை சனத்தை நான் எங்கும் ஒருசேரப் பார்த்ததில்லை. பட்டுச் சேலை, பாலியஸ்டர் சேலை, வேட்டி, பேன்ட், சுடிதார், பள்ளிச் சீருடை, எல்லாம் உடுத்தபடிக்கே கடலில் இறங்கி முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். செத்துப்போன தங்கள் மனிதர்களுக்காக உயிரோடிருக்கிற ஒரு நாடே தண்ணீரில் நின்றது. சின்ன வயதில் கேள்விப்பட்டதோடு சரி, கண்ணால் பார்த்தது அன்றுதான். யாழினி என் கையை இழுத்தாள். கண்கள் விரிந்திருந்தன. "அம்மா, இவங்க எல்லாருக்கும் இன்னைக்கா ஸ்வெம்டிப்ளோமா?"

சிரிப்பு ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம் வந்தது. இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் பார்வை அண்ணி மேல் போய்விட்டது. அண்ணி அலையின் ஓரத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னே, இரண்டு அடி பின்னே என்று தவித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வரமாட்டேன் என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்நாட்டுக்காரர்கள், படித்துறை பழகியவர்கள், அலை என்றால் எல்லோருக்கும் நடுக்கம். யாழினி வாளியை என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்போடு இறங்கினாள். "அத்தை, என் கைய பிடிங்க. பயப்படாதீங்க. சேலை மேல வரும், வந்தா அமுக்காதீங்க. அலை வரும்போது மூச்ச பிடிச்சிக்கணும்." குளத்தில் சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும் தமிழ் ஆக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "விட்டுறாத சாமி, விட்டுறாத." முழங்கால் தண்ணீரில் செந்தில் காவலுக்கு நிற்க, ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்து முங்கி எழுந்தார்கள். கன்னத்தைக் கிள்ள வந்த சித்தப்பாவும் அவள் கையைத்தான் பிடித்தார். தமிழ் பேசுவாளா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அய்யரிடம் முறையாகச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அண்ணன் ஈர வேட்டியோடு யாழினியிடம் வந்தார். "வாம்மா, தாத்தாவுக்கு நீயும் ஒரு கை தண்ணி விடு. தெக்க பாத்து நில்லு." அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். மஞ்சள் வாளியில் ஆறும் கடலும் கலக்கிற இடத்துத் தண்ணீர் இருந்தது. "தாத்தாவுக்குத் தாகமா?" என்று கேட்டாள். "தாகமெல்லாம் இல்ல. உங்கள மறக்கலன்னு சொல்றது. அவ்வளவுதான்." அவள் இரண்டு கையிலும் அள்ளி, உயர்த்தி, விரல் வழியாக விட்டாள். மூன்று தரம். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளை இதற்கு அழைப்பதில்லை. அண்ணன் அழைத்தார், சுற்றி நின்ற பெரியவர்கள் யாரும் மறுக்கவில்லை. நான் சற்றுத் தள்ளி நின்று அப்பாவை நினைத்துக்கொண்டேன். இடுப்புக்கு மேல் போகாதே என்று கரையிலிருந்து சத்தம் போட்ட குரல், அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

கூட்டம் கலைகிற நேரத்தில் அண்ணன் மட்டும் ஆற்று முகத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். மேட்டூர் திறந்து நல்ல தண்ணீர் வந்த வருடம் அது. பழுப்பு நீர் பச்சைக் கடலுக்குள் நெடுந்தூரம் தனியாகவே போய், பிறகு எங்கோ ஓரிடத்தில் கலைந்தது. "நம்ம படித்துறையத் தொட்டுட்டு வந்த தண்ணிதான இது" என்றார். "பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணிய வாய்க்கால்ல திருப்பிவிட்டுக்கிட்டே இருக்கேன். எங்க போயி முடியுதுன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன். எம்மாம் பெருசு!" அவர் குரலில் இருந்த வியப்பு யாழினியின் குரலில் இருந்த அதே வியப்பு. எனக்கு அதற்கு மேல் மறைக்க மனம் வரவில்லை. "அண்ணே, நான் அமாவாசைன்னு பாத்துப் போடல. பிள்ளைங்க விளையாடத்தான் போட்டேன்." அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கே தெரியும். போன்ல நீ இழுத்த இழுப்புலேயே தெரியும். நீ பாக்கலன்னா என்ன, அப்பா பாத்துப் போட்டிருப்பாரு." மரீக்காவும் நானும் மேசை போட்டுத் தீட்டிய திட்டத்துக்கு மேல் வேறு யாரோ ஒருவர் நாள் குறித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் கடலைப் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு யாழினி மணலில் கோட்டை கட்டினாள், சுற்றி அகழி வெட்டினாள். அண்ணன் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கோட்டை கட்டி என்னம்மா பண்றது, வயல் கட்டுவோம்" என்று வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். வரப்பு எழும்பியது, வாய்க்கால் ஓடியது, கவின் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து மடை திறந்தான். ஓர் அலை வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. மாமனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். விடுமுறை எடுத்தே அறியாத என் அண்ணனுக்கும் அதுதான் முதல் வகான்சி.

ஊரிலிருந்து திரும்பி வந்தோம், பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆண்டின் கடைசி வெயில் என்று சொல்லி மரீக்கா எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். வடகடல் குளிர்ந்து கிடந்தது. எல்லோரும் கடலைப் பார்த்து வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாழினி என்னிடம் வந்து, "தெற்கு எது?" என்றாள். இந்த நாட்டில் உச்சிப் பொழுதிலும் சூரியன் தலைக்கு மேல் வருவதில்லை, தெற்கே சாய்ந்துதான் நிற்கும். அதைக் கை காட்டினேன். அவள் போட்டிருந்த ஜாக்கெட்டோடும் செருப்போடும் தண்ணீரில் இறங்கினாள். முழங்காலுக்கு வந்ததும் நின்று, கடலைப் பார்க்காமல், கரையையும் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பிக்கொண்டாள். குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள்.

மரீக்கா மகிழ்ந்துபோனாள். "அடுத்த டிப்ளோமாவுக்கு இப்போதே பழகுகிறாளா?"

"ஆமாம்" என்றேன்.

உதடு நீலம் பாரித்து, செருப்பில் தண்ணீர் சளக் சளக் என்று சத்தம் போட ஓடி வந்தவளைத் துண்டால் சுற்றி மடியில் போட்டுக்கொண்டேன். நடுங்கிக்கொண்டே இரண்டு கைகளையும் துண்டுக்கு வெளியே நீட்டி, மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அம்மா, தெக்க பாத்து நின்னா அங்க கடல் இந்தக் கைப் பக்கம் இருந்துச்சு. இங்க இந்தக் கைப் பக்கம் இருக்கு. எது சரின்னு அடுத்த வருசம் போகும்போது மாமாகிட்ட கேக்கணும்."